பிரசவ வகுப்புக்குப் பணம் கட்டும் முன்: எது பயத்தைக் குறைக்கிறது, எது கூட்டுகிறது

"வலியே இல்லாத சுகப்பிரசவம், 100 சதவீதம் உத்தரவாதம்" என்று எந்த வகுப்பு விளம்பரம் செய்தாலும் அதில் சேர வேண்டாம். பிரசவ பயத்தைக் குறைக்கும் வகுப்புகள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்கள் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் இன்று கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் பயிற்சியைப் பிரித்துப் பார்த்தால், தனியார் மருத்துவமனையே நடத்தும் ஒரு நாள் வகுப்பு, தனிப் பயிற்றுநர் சில வாரங்களுக்கு நடத்தும் சிறு குழு வகுப்பு, போனில் பார்க்கும் வீடியோ தொகுப்பு, பாட்டு, பாராயணம் வழியாக வயிற்றில் உள்ள குழந்தையைச் செதுக்கலாம் என்று சொல்லும் கர்ப்ப சம்ஸ்கார வகுப்பு என்று நான்கு விதம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைப்பது தனி. பயம்தான் உங்கள் பிரச்சினை என்றால் எங்கள் முதல் பரிந்துரை சிறு குழு வகுப்பு. ஆனால் பெயரில் சிறு குழு என்று இருந்தால் போதாது. உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் சேர வேண்டும். இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

பயம் உடம்பில் என்ன செய்கிறது

பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும். பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930-களிலேயே இந்தச் சுழலை எழுதிவிட்டார். பயத்தில் சுரக்கும் அட்ரினலின், பிரசவத்தின் முதல் கட்டத்தில் கர்ப்பப்பை சுருங்குவதை மந்தமாக்கக்கூடும். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். அதனால்தான் வீட்டில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வலி, லேபர் வார்டுக்குள் நுழைந்ததும் சிலருக்கு நின்றுபோகிறது.

பயிற்சி கொடுத்தால் இது மாறுமா? பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல உரைகல். முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தவர்களில் மிகக் கடுமையான பயம் இருந்த 371 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். 131 பேருக்கு ஒரு உளவியலாளர் சிறு குழுவாகப் பயிற்சி கொடுத்தார்: கர்ப்ப காலத்தில் 6 அமர்வுகள், குழந்தை பிறந்தபின் ஒன்று, ஒவ்வொன்றிலும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. இந்தக் குழுவில் ஆயுதம் (குறடு, வாக்குவம்) போடாமல் தானாகப் பிறந்தது 63.4 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்த மற்றவர்களில் 47.5 சதவீதம்தான். சிசேரியன் 32.5-க்குப் பதில் 22.9 சதவீதம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடும் பயத்துக்கு மருந்தில்லாத சிகிச்சைகள் பற்றி நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பயம் குறையக்கூடும், ஆனால் அந்தக் குறைவு அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் பெரிய மாற்றமாகத் தெரியுமா என்பது உறுதியில்லை என்கிறது. சிசேரியன் குறைய வாய்ப்பிருக்கிறது என்றும் சொல்கிறது. ஆக, வகுப்பு உதவும், மந்திரம் அல்ல.

நல்ல வகுப்பில் இருந்தே ஆக வேண்டியவை

28 முதல் 32 வாரத்துக்குள் தொடங்கி 36-ஆவது வாரத்தில் முடியும் வகுப்பாகப் பாருங்கள். அதற்கு முன்னால் படித்தால் மறந்துபோகும். 37-க்குப் பிறகு என்றால் பாதியிலேயே வலி வந்துவிடலாம். ஐந்து அல்லது ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், ஒரு குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர். இதற்கு மேல் ஆள் கூடினால், பயத்தோடு வந்தவர் வாயே திறக்காமல் திரும்பிப் போவார்.

முதல் அமர்வில் பயிற்றுநர் பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்க வேண்டும். "பயம்" என்று எல்லோரும் சொன்னாலும் ஒருவருக்கு அது வலியைப் பற்றியது, இன்னொருவருக்குப் பிறப்புறுப்புக் கிழிசல், தையல் பற்றியது. வேறொருவர் நர்ஸ் திட்டுவாரோ என்று பயப்படுவார். முன்பு ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவரின் பயம் முற்றிலும் வேறு. எது யாருக்கு என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மூச்சுப் பயிற்சியைக் கொடுக்கும் வகுப்பு பாதி வேலையைத்தான் செய்கிறது.

அடுத்து, பிரசவம் எப்படிப் போகும் என்ற நேர்மையான விளக்கம். எங்கள் மதிப்பில் வகுப்பின் உயிர்நாடியே இதுதான். குறிப்பாக ஆரம்பக் கட்டம். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும் வரை மெதுவாகத்தான் போகும், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. "வலி வந்து ஒரு நாள் முழுக்க ஆச்சு, இன்னும் ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்று வீட்டார் பதறுவதும், அந்தப் பதற்றத்தில் பெண் சோர்ந்துபோய் "ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று கேட்பதும் இந்த அறியாமையால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், 5 சென்டிமீட்டரிலிருந்துதான் பிரசவம் வேகம் பிடிக்கும் கட்டத்தைக் கணக்கிடுகிறது. அதன் பிறகு முதல் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்குள், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்குள் வாய் முழுதாகத் திறந்துவிடும். "மணிக்கு ஒரு சென்டிமீட்டர்" என்ற பழைய கணக்குக்கு எல்லோரையும் பொருத்திப் பார்க்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. முழுதாகத் திறந்தபின் குழந்தை வெளியே வர முதல் பிரசவத்தில் 3 மணி நேரம் வரை ஆகலாம். இந்த எண்களைத் தெரிந்து வைத்திருக்கும் பெண்ணுக்கு நேரம் ஆக ஆகப் பீதி ஏறுவதில்லை.

எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது என்பதும் இதே அமர்வில் வர வேண்டும். சூட்டு வலி (பொய் வலி) ஓய்வெடுத்தால், தண்ணீர் குடித்தால், வெந்நீரில் குளித்தால் தணியும். வீட்டில் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். பிரசவ வலி எதற்கும் அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், நீளம் கூடிக்கொண்டே போகும். முதல் குழந்தை, சிக்கல் எதுவும் இல்லை, மருத்துவமனை பக்கத்தில் என்றால் 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது பொதுக் கணக்கு. மருத்துவமனை தூரம் என்றால், இரண்டாவது குழந்தை என்றால், முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ வலியே இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். இந்தக் கடைசிப் பட்டியலைச் சொல்லாமல் "கூடிய வரை வீட்டிலேயே இருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் வகுப்பு ஆபத்தானது.

இனி, நம் ஊர் மருத்துவமனைகளில் காதில் விழும் சொற்கள். "கொடி சுத்தியிருக்கு", "தண்ணி குறைஞ்சிருக்கு", "தலை இறங்கல", "குழந்தை உள்ளேயே மோஷன் போயிடுச்சு". இந்த நான்கில் ஒன்றைக் கேட்டாலே வீடு கலங்கிவிடுகிறது. நல்ல பயிற்றுநர் இவை ஒவ்வொன்றையும் எடுத்து விளக்குவார். கழுத்தில் கொடி சுற்றியிருப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு நடப்பது. பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிடலாம், அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. முதல் பிரசவத்தில், வலி வந்தபிறகுகூடக் குழந்தையின் தலை இறங்கலாம். பனிக்குடத் தண்ணீர் குறைவு என்றால் ஸ்கேனில் அளவு எத்தனை, குழந்தை வளர்ச்சி எப்படி, இதயத் துடிப்பு எப்படி என்று கேட்க வேண்டும். அளவு 5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் மருத்துவர் கவனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மோஷன் போனால் தண்ணீர் பச்சையாக வரும். அதற்கு உடனே மருத்துவமனைதான். ஆனால் அப்போதும் அடுத்த முடிவை எடுக்க வைப்பது குழந்தையின் இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. இதையெல்லாம் சொல்லித்தருவது மருத்துவரை எதிர்த்து நிற்க அல்ல. ஒரு சொல்லைக் கேட்டதும் நடுங்காமல் "இப்போ துடிப்பு எப்படி இருக்கு டாக்டர்? காத்திருக்க நேரம் இருக்கா?" என்று கேட்க முடிவதற்கு.

மூச்சு, கை, உடம்பு

மூச்சுப் பயிற்சியில்தான் பல வகுப்புகள் சறுக்குகின்றன. வேகவேகமாக "ஹீ ஹீ ஹூ" என்று மூச்சிரைக்கச் சொல்லும் பழைய முறையை இன்னும் சிலர் கற்றுத்தருகிறார்கள். அப்படித் தொடர்ந்து செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து உதடு மரத்துப்போகும், விரல் நுனி சுருசுருக்கும், தலை சுற்றும். "எனக்கு ஏதோ ஆகுது" என்று பயம் இரட்டிப்பாகும். அப்படி ஆனால் இரண்டு கைகளையும் குவித்து வாய், மூக்கின் மேல் வைத்து மெதுவாக மூச்சு விட்டால் சரியாகிவிடும்.

கற்க வேண்டியது மெதுவான மூச்சு: மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, வாயால் 6 எண்ணும் வரை விடுவது. ஒரு மூச்சுக்கு 10 நொடி. ஒரு வலி 60 நொடி என்றால் ஆறே மூச்சு. மூன்றாவது, நான்காவது மூச்சில் வலி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் என்று தெரிந்தால் மனம் பிடிமானம் பெறும். இதைப் பேசிப் புரியவைக்க முடியாது, செய்து பழக வேண்டும். பனிக்கட்டியை உள்ளங்கையில் 60 நொடி பிடித்துக்கொண்டு இந்த மூச்சைப் போடச் சொல்வது எளிமையான, நல்ல பயிற்சி. முதல் தடவை மூச்சில்லாமல், இரண்டாவது மூச்சோடு, மூன்றாவது பக்கத்தில் துணையின் குரலோடு. வித்தியாசத்தைக் கை உணர்ந்துவிடும். மூச்சை விடும்போது தாடையும் தோளும் தளர்கின்றனவா என்று பயிற்றுநர் ஒவ்வொருவரிடமும் வந்து பார்க்க வேண்டும். பல் கடித்திருந்தால் இடுப்புத் தசையும் சேர்ந்து இறுகும். வீட்டில் தினமும் 10 நிமிடம் என்று ஐந்து வாரம் செய்யாவிட்டால் லேபர் வார்டில் இது ஞாபகத்துக்கு வராது. இதைக் கறாராகச் சொல்லும் பயிற்றுநர் நல்லவர்.

கடைசிக் கட்டத்தில் மூச்சை அடக்கி, தாடையை நெஞ்சில் வைத்து "முக்கு, முக்கு" என்று கத்துவதற்கு எல்லோரையும் பழக்கும் வகுப்பும் உண்டு. தானாக முக்கத் தோன்றும்போது அதைப் பின்பற்றி முக்குவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வெளியிலிருந்து வயிற்றை அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதையும், எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பை வெட்டித் தையல் போடுவதையும், எனிமாவையும், முடி மழிப்பதையும் அது பரிந்துரைப்பதில்லை.

படுத்தே இருப்பதைவிட நடப்பது, முன்னால் சாய்ந்து நிற்பது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, முட்டி போட்டுக் கைகளை ஊன்றுவது ஆகியவை வலியைத் தாங்க உதவும். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். பயிற்சிப் பந்து வாங்கச் சொன்னால், 5 அடி 3 அங்குலத்துக்குக் கீழே இருப்பவருக்கு 55 சென்டிமீட்டர், அதற்கு மேல் 65. உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பாயின் மேல், சுவர் ஓரமாக வைத்துத்தான் உட்கார வேண்டும். மொசைக் தரையில் வழுக்கும். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர், கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டிருப்பவர் ஆகியோரிடம் மருத்துவர் அனுமதி கேட்காமல் குந்த வைக்கும் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கிழிசல் பயத்துக்கு ஒரு நேரடியான பயிற்சி இருக்கிறது. 35-ஆவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஓரிரு முறை, நகம் வெட்டிக் கை கழுவி, சுத்தமான தேங்காய் எண்ணெய் தொட்டு, கட்டைவிரலைப் பிறப்புறுப்புக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் வைத்துக் கீழ்ப்பக்கமாகவும் பக்கவாட்டிலும் மெதுவாக அழுத்தி 3 முதல் 5 நிமிடம் நீவுவது. முதல் பிரசவத்தில் தையல் தேவைப்படும் கிழிசலை இது ஓரளவு குறைப்பதற்கு ஆய்வு ஆதாரம் உள்ளது. வெள்ளைப்படுதல் தொற்று இருந்தால், பனிக்குடம் உடைந்திருந்தால், நஞ்சுக்கொடி கீழே இருந்தால் செய்யக் கூடாது. கூச்சத்தினால் பெரும்பாலான வகுப்புகள் இதைப் பேசுவதே இல்லை. ஒரு படமும் தெளிவான பத்து நிமிடமும் போதும். பேசாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

துணைக்கு வருபவருக்கும் பயிற்சி வேண்டும்

பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் தானாகப் பிறப்பது கூடுகிறது, நேரம் சற்றுக் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கெடுத்த ஆய்வுகளைத் தொகுத்த 2017 காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு இது. வகுப்பில் செலவழிக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது துணைக்கு வரப்போகிறவருக்காகப் போக வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அரசு மருத்துவமனையில் பிரசவத் துணை அனுமதி உண்டு. பொதுவாக அது ஒரு பெண்ணாக, தானும் பிரசவம் கண்டவராக இருக்க வேண்டும். அங்கே உள்ளே போகப்போவது அம்மாவோ, மாமியாரோ, அக்காவோ, சித்தியோதான். வகுப்பிலோ கணவருக்கு மட்டும் முதுகு பிடிக்கச் சொல்லித்தருகிறார்கள்! எந்த மருத்துவமனையில் பதிவு செய்திருக்கிறீர்கள், அங்கே யாரை உள்ளே விடுவார்கள் என்று முதல் நாளே கேட்டு, அந்த ஆளை வகுப்புக்கு அழைத்து வரச் சொல்லும் பயிற்றுநர்தான் நிலவரம் தெரிந்தவர்.

அந்த அம்மாவுக்கோ அக்காவுக்கோ கற்றுத்தர வேண்டியவை அதிகமில்லை. வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தை முதுகுப் பக்கம் இடுப்பெலும்பின் நடுவில் வைத்து உறுதியாக அழுத்துவது; இரண்டு பக்க இடுப்பையும் உள்நோக்கி நெருக்குவது; வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி வைப்பது; வலி விட்ட இடைவெளியில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பது; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்க ஞாபகப்படுத்துவது. பேசக் கூடாதவை இன்னும் முக்கியம். "நானெல்லாம் ரெண்டு நாள் வலியில துடிச்சேன்", "கத்தாதே, பக்கத்துல எல்லாரும் பாக்கறாங்க" என்பவை மறுபடி அட்ரினலினைத்தான் ஏற்றும். "மூச்சை விடும்மா... இறங்குது பாரு... முடிஞ்சிது" என்ற மூன்று வாக்கியம் போதும்.

ஊசியும் ஆபரேஷனும் பாடத்தில் உண்டா

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நிலைமை இப்படி இருக்க, சிசேரியனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் "நார்மல் டெலிவரி" வகுப்பு நடத்துவது அநியாயம். அங்கிருந்து வரும் பெண், ஆபரேஷன் என்றதும் தான் தோற்றுவிட்டதாக நினைத்து உடைந்துபோகிறாள்.

பாடத்தில் இவை இருக்க வேண்டும்: முதுகில் ஊசி போட்டதும் மார்புக்குக் கீழே மரத்துப்போகும், கத்தி தெரியாது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், அது இயல்பு, குழந்தை பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே வெளியே வந்துவிடும், தைக்கத்தான் மீதி நேரம், பிறகு உடம்பு நடுங்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம், சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும், தாயும் குழந்தையும் நலமாக இருந்தால் ஆபரேஷன் அறையிலேயே குழந்தையை மார்பில் போடச் சொல்லிக் கேட்கலாம்.

முதுகில் போடும் வலி தணிப்பு ஊசியான எபிடூரலைப் பற்றி இரண்டு தரப்பும் தவறு செய்கின்றன. மருத்துவமனை வகுப்பு அதை ஒரு சலுகைபோல விற்கிறது, இயற்கைப் பிரசவ வகுப்பு அதை விஷம்போலப் பேசுகிறது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: போட 10 முதல் 20 நிமிடம், வலி தணிய இன்னும் 15 முதல் 20 நிமிடம். ரத்த அழுத்தம் இறங்கலாம், அரிப்பு வரலாம், முக்கும் கட்டம் நீளலாம். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்து, மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். நூற்றில் ஒருவருக்கு அடுத்த நாள் கடும் தலைவலி வரலாம், அதற்கும் சிகிச்சை உண்டு. வாழ்நாள் முழுக்க முதுகு வலி வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. கடும் பயம் உள்ளவருக்கு எபிடூரல் கிடைக்கும் என்ற உறுதியே நிம்மதி தரும். உங்கள் மருத்துவமனையில் இரவு 2 மணிக்கு மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா என்று கேட்டு வைக்கச் சொல்வது நல்ல வகுப்பின் அடையாளம்.

வலி வரவைக்க டிரிப் போட்டால் வலி நெருக்கமாகவும் பலமாகவும் வரும், இடைவெளியில் ஓய்வு குறையும். தானாக வரும் வலிக்குப் பழகிய மூச்சு அங்கே சற்றுத் திணறும் என்பதையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

மற்றவை எப்படி

மருத்துவமனை நடத்தும் ஒரு நாள் வகுப்பில் ஒரே ஒரு பெரிய நன்மை, லேபர் வார்டைச் சுற்றிக் காட்டுவது. கட்டில், விளக்கு, கழிப்பறை, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழி எல்லாவற்றையும் முன்பே பார்த்துவிட்டால் அந்த இடத்தின் பயம் பாதி தெளியும். அதற்காகவே போகலாம். ஆனால் பெரிய ஹாலில் கூட்டமாக உட்கார வைத்து ஸ்லைடு போடுவதில் பழகுவதற்கு எதுவும் இல்லை. தொப்புள்கொடி ரத்த வங்கிக்காரர்கள் மேஜை போட்டிருந்தால் அதிலேயே அரை மணி நேரம் போய்விடும். பிற்காலப் பாதுகாப்பு என்று சொல்லித் தனியார் வங்கியில் அந்த ரத்தத்தைச் சேமிப்பதை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைப்பதில்லை. பால் பவுடர் கம்பெனியின் பையோ துண்டறிக்கையோ கையில் கொடுத்தால் அது தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே விரோதம்.

வீடியோ தொகுப்புகள் மலிவு, நேரம் நம் கையில். ஆனால் பலவற்றில் காட்டுவது தண்ணீர்த் தொட்டியும், தனி அறையும், நாள் முழுக்கக் கூட நிற்கும் மிட்வைஃபும். பார்த்துவிட்டு நம் வார்டுக்குப் போனால் அதிர்ச்சிதான் மிஞ்சும். மூச்சுப் பயிற்சிக்கான ஒலிப்பதிவை மட்டும் தினமும் போட்டுக் கேட்கலாம். கிராமத்திலிருந்து வாரா வாரம் வர முடியாதவர்கள், நேரலையில் கேள்வி கேட்க வழி இருக்கும் தொகுப்பாகப் பார்த்து எடுங்கள்.

கர்ப்ப சம்ஸ்கார வகுப்பில் பாட்டு, பாராயணம், அமைதியாக உட்காருவது எல்லாம் மனதுக்கு இதம்தான், பிடித்தால் செய்யலாம். குழந்தையின் அறிவையும் நிறத்தையும் குணத்தையும் இப்படிச் செதுக்கலாம் என்பதற்கு அடிப்படை இல்லை. இதில் எங்களுக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. "நீ பயந்தால் அந்தப் பயம் குழந்தைக்குப் போகும்" என்று அங்கே அடிக்கடி சொல்லப்படுகிறது. ஏற்கெனவே பயந்திருப்பவளுக்குப் பயந்ததற்காக ஒரு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துவிடுகிறது. பயத்தைக் குறைக்க வேண்டும் என்று போகிறவருக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பலர் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அது தவறு. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் நான்காம் மாதத்துக்கு மேல் ஆன கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் பரிசோதனை இலவசம். கூட்டம் அதிகம், உட்கார்ந்து விளக்க நேரம் குறைவு, மூச்சுப் பயிற்சி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் கிராம சுகாதார செவிலியர் பல பிரசவங்களைக் கண்டவர். கூட்டம் இல்லாத நாளில் போய் "லேபர் ரூம்ல என்ன நடக்கும், எனக்குக் கொஞ்சம் காட்டுங்க சிஸ்டர்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. தாய்சேய் நல அட்டையில் உள்ள ஆபத்து அறிகுறிப் படங்களை வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தடவை படிக்க வையுங்கள்.

சேரும் முன் போனில் கேட்க வேண்டியவை

பிரசவப் பயிற்றுநருக்கு, டாக்டர், நர்ஸுக்கு இருப்பதுபோல் பதிவு கவுன்சில் இங்கே இல்லை. ஆகவே நீங்களே விசாரிக்க வேண்டும். எங்கே பயிற்சி பெற்றார், நேரில் எத்தனை பிரசவங்களில் இருந்திருக்கிறார்? பிரசவப் பயிற்சி அமைப்பான லமாஸ் தருவதுபோன்ற சான்றிதழ் இருந்தால் நல்லது; லேபர் வார்டு அனுபவம் உள்ள நர்ஸோ பிசியோதெரபிஸ்டோ என்றால் இன்னும் நல்லது. குழுவில் எத்தனை பேர்? சிசேரியனுக்கும் எபிடூரலுக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்? அம்மா வரலாமா? சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்றால் என்ன மாற்றுவார்? இடையில் பிரசவம் ஆகிவிட்டால் மீதிப் பணம் திரும்ப வருமா? "டாக்டர் சொல்வதைக் கேட்காதீங்க, நான் சொல்றதைக் கேளுங்க" என்ற தொனி எங்காவது வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

வகுப்பே போதாத நிலையும் உண்டு. 0 முதல் 100 வரை ஒரு கோடு போட்டு, பிரசவத்தை நினைத்தால் எவ்வளவு கவலை என்று ஒரு புள்ளி வையுங்கள். இன்னொரு கோட்டில் எவ்வளவு பயம் என்று வையுங்கள். இரண்டின் சராசரி 54 அல்லது அதற்கு மேல் வந்தால் அது சாதாரணப் பதற்றம் அல்ல என்று கொள்வது ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு எளிய அளவு. தூக்கம் கெடுவது, கெட்ட கனவு, பரிசோதனைக்குப் போகவே தயங்குவது, முந்தைய பிரசவக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, உள் பரிசோதனை என்றாலே உடம்பு விறைப்பது, இவற்றில் எது இருந்தாலும் வகுப்போடு சேர்த்து மனநல ஆலோசனையும் வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முன்பு பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்றால் காரணத்தை விவரிக்கத் தேவையில்லை. "உள் பரிசோதனை எனக்கு ரொம்பக் கஷ்டம், சொல்லிவிட்டுச் செய்யுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்" என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னாலே போதும். மருத்துவரிடம் உடனே பேச முடியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.